38 மதிப்பெண் என்றால் என்ன?
மாணவர்களிடம் கொடுக்கப்படும் மனக்காயக் கேள்விப் படிவத்தை எந்த அளவுக்கு நம்பலாம்



சென்ற ஷவ்வால் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து நான் டிரஸ்ட் அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது ஒரு தாய் வாசலில் காத்திருந்தார். அவருடைய மகள் நம்முடைய கல்வி உதவித்தொகையில் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மகள் அனுப்பிய படம் ஒன்றைக் கைபேசியில் காட்டினார். கல்லூரியில் மனநல வாரம் கொண்டாடினார்களாம். எல்லாருக்கும் 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கொடுத்தார்களாம். மகளுக்கு 38 மதிப்பெண். "மனக்காயப் பாதிப்பு இருக்கலாம், ஆலோசகரைச் சந்திக்கவும்" என்று கீழே ஒரு வரி.

"செயலாளர் பாய், நூத்துக்கு 38-ன்னா பாஸா ஃபெயிலா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வியைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "என் புள்ளைக்குப் பைத்தியம்னு எழுதிட்டாங்களா? நாளைக்கு ஒரு இடத்துல பேச்சு எடுத்தா, இது வெளியே வந்துருமா?"

அந்தப் பிள்ளை ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு சாலை விபத்தில் தப்பியவள். பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி அங்கேயே மவுத்தாகிவிட்டாள். இதை அந்தத் தாயின் அனுமதியோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன். இப்படிப்பட்ட படிவங்கள் இன்று பல கல்லூரிகளில் புழங்குகின்றன. நம் பிள்ளைகளின் கைக்கும் வரும். அதைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். அது என்ன கருவி, எப்படிச் சோதிக்கப்பட்டது, எங்கே தவறும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த மாதப் பாடம்.

அந்தப் பிள்ளை நிரப்பியது பி.சி.எல்-5 என்ற படிவம். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில்தான் முதன்முதலாக "பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்" என்ற பெயரைச் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் இரவில் அலறி எழுந்ததும், சத்தம் கேட்டால் பதறியதும், வீட்டாரோடு ஒட்டாமல் போனதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1993-ல் ஃபிராங்க் வெதர்ஸ் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 17 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை அறிமுகப்படுத்தினார்கள். 2013-ல் அந்த நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது நோயின் இலக்கணம் மாறியது. பட்டியலும் 20 கேள்விகளாக மாறியது. அதுதான் பி.சி.எல்-5. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் கீழ் இயங்கும் தேசிய மையம் அதை யாரும் பயன்படுத்தலாம் என்று இலவசமாக வெளியிட்டிருக்கிறது. இலவசம் என்பதால்தான் இவ்வளவு பரவியது. அதனால்தான் என்னைப் போன்ற அரைகுறைகளின் கைக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

20 கேள்விகளும் நான்கு வகை. முதல் ஐந்து, நடந்தது திரும்பத் திரும்ப மனதில் வந்து மோதுவதைப் பற்றியவை: வேண்டாத நினைவு, கெட்ட கனவு, மறுபடி நடப்பதுபோலவே தோன்றுவது. அடுத்த இரண்டு, அந்த நினைவையும் அந்த இடத்தையும் தவிர்ப்பது பற்றியவை. அடுத்த ஏழு, மனம் இருண்டு போவதைப் பற்றியவை: நடந்ததில் ஒரு பகுதி நினைவுக்கு வராமை, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, பிடித்தவற்றில் பிடிப்பு விட்டுப்போவது, மற்றவர்களிடமிருந்து விலகிவிட்டதுபோல் இருப்பது. கடைசி ஆறு, உடம்பும் மனமும் எப்போதும் விறைத்திருப்பதைப் பற்றியவை: எரிச்சல், திடுக்கிடல், தூக்கமின்மை. கடந்த ஒரு மாதத்தில் இவை ஒவ்வொன்றும் எவ்வளவு தொல்லை தந்தன என்று 0 முதல் 4 வரை ஒரு எண்ணைக் குறிக்க வேண்டும். மொத்தம் 80. ஆகவே அந்தத் தாய்க்கு முதல் பதில்: இது நூற்றுக்கு அல்ல, 80-க்கு. இங்கே மதிப்பெண் கூடினால் தொல்லை கூடுதல் என்று பொருள்.

ஒரு கருவியை நம்பலாமா என்று கேட்கும்போது இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறோம். ஃபித்ரா அரிசி நிறுக்கும் நாளில் இதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரே பையை மூன்று முறை தராசில் வைக்கிறோம். மூன்று முறையும் வெவ்வேறு எடை காட்டினால் அந்தத் தராசு நம்பகமற்றது. மூன்று முறையும் ஒரே எடை காட்டுகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் 100 கிராம் கூட்டிக் காட்டுகிறது என்றால்? அது நம்பகமானதுதான், மாறாமல் ஒரே பொய்யைச் சொல்கிறது. முதல் கேள்வி நம்பகத்தன்மை. இரண்டாவது ஏற்புடைமை, அதாவது எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா என்பது. நம்பகத்தன்மை இல்லாமல் ஏற்புடைமை இருக்க முடியாது. ஆனால் நம்பகத்தன்மை மட்டும் இருந்தால் ஏற்புடைமை வந்துவிடாது.

நம்பகத்தன்மையைச் சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது: அதே கேள்வியை அதே ஆளிடம் கொஞ்ச காலம் விட்டு மறுபடி கேட்பது. மதரஸாவில் ஹதீஸ் பாடம் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஹஜ்ஜுக்கு வந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் கல்வி எப்படி உயர்த்தப்படும் என்பது பற்றிய ஒரு ஹதீஸைச் சொல்ல, அதைக் கேட்ட உர்வா (ரஹ்) அவர்கள் தம் சிற்றன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து சொன்னார்கள். பின்னர் மறுபடியும் அவர் ஹஜ்ஜுக்கு வந்தபோது, போய் அதே ஹதீஸை மீண்டும் கேட்டு வா என்று அன்னையவர்கள் அனுப்பினார்கள். முன்பு சொன்னபடியே சொன்னார். அவருடைய நினைவின் உறுதியை அன்னையவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. இடையில் நீண்ட காலம் விட்டது கவனிக்கத்தக்கது. மறுநாளே கேட்டிருந்தால், நேற்றுச் சொன்னதை நினைவில் வைத்துச் சொல்லிவிடலாமே!

உளவியலாளர்களுக்கு இந்த இடைவெளிதான் பெரிய தலைவலி. ஹதீஸின் வாசகம் மாறாதது. மனிதனின் மனநிலை மாறக்கூடியது. இன்று படிவம் கொடுத்து நாளையே மறுபடி கொடுத்தால், முந்தைய நாள் 3 போட்டோமே என்று நினைவில் வைத்து 3 போடுவார்கள். கருவி உறுதியானதுபோலத் தெரியும். மூன்று மாதம் விட்டுக் கொடுத்தால் சிலர் உண்மையிலேயே குணமாகியிருப்பார்கள், சிலருக்கு முற்றியிருக்கும். கருவி ஆடுவதுபோலத் தெரியும். ஆடியது கருவியா ஆளா என்று பிரித்தறிய முடியாது.

கேள்விப் பட்டியலின் பழைய 17 கேள்வி வடிவத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. 1993-ல் வியட்நாம் படைவீரர்களிடம் இரண்டு மூன்று நாள் விட்டுக் கேட்டபோது இரண்டு விடைகளுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.96. (இரண்டு முறையும் எல்லாருடைய மதிப்பெண்ணும் அப்படியே இருந்தால் 1 வரும், சம்பந்தமே இல்லை என்றால் 0 வரும்.) 2003-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகச் சூழலில் 392 பேரைக் கொண்டு ருஜியெரோ என்பவரும் கூட்டாளிகளும் அதே படிவத்தைச் சோதித்தார்கள். அவர்களில் சிலரிடம் உடனேயே மறுபடி கொடுத்தபோது 0.92 வந்தது. ஒரு வாரம் விட்டபோது 0.88. இரண்டு வாரம் விட்டபோது 0.68. படிவம் ஒன்றுதான், நாட்கள்தான் கூடின. ஆகவே "இந்தப் படிவத்தின் நம்பகத்தன்மை 0.9-க்கு மேல்" என்று யாராவது சொன்னால், எத்தனை நாள் இடைவெளியில் என்று கேளுங்கள். அந்த ஒரு விவரம் இல்லாத எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

புதிய பி.சி.எல்-5 வந்த பிறகு, 2015-ல் வெதர்ஸ் பணியாற்றிய ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், பிளெவின்ஸ் என்பவரை முதல் ஆசிரியராகக் கொண்டு, ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் சோதிக்கப்பட்டவர்கள் படைவீரர்கள் அல்லர். ஏதேனும் ஓர் அதிர்ச்சி நிகழ்வைச் சந்தித்த கல்லூரி மாணவர்கள். முதல் சுற்றில் 278 பேர், இரண்டாம் சுற்றில் 558 பேர். ஏறக்குறைய ஒரு வார இடைவெளியில் மறுசோதனைக் கெழு 0.82.

அவர்கள் பார்த்த இன்னொரு எண் க்ரோன்பாக் ஆல்ஃபா. லீ க்ரோன்பாக் என்பவர் 1951-ல் எழுதிய கட்டுரையால் அந்தப் பெயர். இதற்கு மறுசோதனை தேவையில்லை. ஒரே தடவை நிரப்பிய படிவமே போதும். 20 கேள்விகளும் ஒரே நோயைச் சுற்றிக் கேட்கப்படுகின்றன என்றால், கெட்ட கனவுக்கு அதிகமாகக் குறித்தவர் திடுக்கிடலுக்கும் பெரும்பாலும் அதிகமாகத்தான் குறித்திருக்க வேண்டும். கேள்விகள் இப்படி ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்பதை ஆல்ஃபா சொல்கிறது. மாணவர்களிடம் வந்த விடை 0.94. மிக நல்ல எண்.

ஆனால் ஆல்ஃபாவுக்கு இரண்டு பலவீனம் உண்டு. ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி நான்கு முறை கேட்டாலும் அது உயரும். கேள்விகளைப் படிக்காமல் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்ணை வட்டமிட்டுக்கொண்டு போகிறவர்கள் நிறைய இருந்தாலும் உயரும். கல்லூரியில் ஒரு படிவத்தைக் கொடுத்து, இதை நிரப்பினால்தான் வருகைப்பதிவு என்றால் நம் பிள்ளைகள் எப்படி நிரப்புவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்காவிலும் மாணவர்கள் பல ஆய்வுகளில் பாட மதிப்புக்காகத்தான் கலந்துகொள்கிறார்கள். அதனால் நல்ல ஆய்வாளர்கள் நடுவில் "இந்தக் கேள்விக்கு 3-ஐக் குறிக்கவும்" என்று ஒரு வரியைச் செருகி, படித்தவர் யார் படிக்காதவர் யார் என்று பிரித்துவிடுவதும் உண்டு.

ஏற்புடைமைக்கும் அதே ஆய்வில் சோதனை நடந்தது. இதே நோயை அளக்கும் வேறு படிவங்களோடு ஒப்பிட்டபோது கெழு 0.74 முதல் 0.85 வரை. வேறு மனநிலைகளை அளக்கும் படிவங்களோடு ஒப்பிட்டபோது 0.31 முதல் 0.60 வரை. நெருங்க வேண்டியதோடு நெருங்கி, விலக வேண்டியதிலிருந்து ஓரளவு விலகியிருக்கிறது. 0.60 கொஞ்சம் அதிகம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். மனச்சோர்வும் மனக்காயமும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. தூக்கம் போவது, பிடிப்பு விட்டுப்போவது இரண்டிலும் உண்டு. 20 கேள்விகளால் அவற்றை முழுதாகப் பிரிக்க முடியாது.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று நிர்வாகக் குழுவில் கேட்டேன். "எழுதுங்க, நாமும் தப்பு செய்வோம்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்" என்றார் தலைவர்.

இரண்டு வருடத்துக்கு முன், ரமலான் கடைசிப் பத்தில் கல்வி உதவித்தொகைக் காசோலை வழங்கும் நாள். அதற்கு முன் எங்கோ இந்தப் படிவத்தைப் பார்த்திருந்தேன். நம் பிள்ளைகளுக்கும் மனநலத்தில் உதவலாமே என்று நல்ல எண்ணம்தான். தராவீஹுக்குப் பிறகு இரண்டு இரவு உட்கார்ந்து நானே தமிழில் எழுதினேன். மதரஸாவிலும் கல்லூரியிலும் படித்தவனாயிற்றே, இருபது வரிதானே என்ற தெம்பு. 41 பிரதி எடுத்து, பெயரும் பதிவு எண்ணும் எழுத மேலே இடம் விட்டு, காசோலை வாங்கும் மேஜையிலேயே கொடுத்தோம். அத்தாவும் அம்மாவும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் நிரப்பினார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவர்களுக்கு எல்லாமே பூஜ்யம். ஆனால் தூக்கக் கேள்விக்கு மட்டும் முக்கால்வாசிப் பேர் 3 அல்லது 4. முதலில் ஏதோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். சஹருக்கு எழுந்து வந்த என் மனைவி தாளைப் பார்த்துவிட்டு, "நோன்பு மாசத்துல தூக்கம் கெடாம என்ன செய்யும்?" என்றார். கேள்வி கேட்பது கடந்த ஒரு மாதத்தைப் பற்றி. அந்த ஒரு மாதம் ரமலான்! இந்த அறிவு கூட இல்லாமல் போயிற்று எனக்கு.

அதைவிடப் பெரிய தவறு சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முழுக்கப் பூஜ்யம் போட்ட பிள்ளைகளில் ஒருவன், தன் அத்தாவின் மரணத்தைக் கண்ணெதிரே பார்த்தவன். அந்த வருடமே படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் முடங்கிவிட்டான். போய்ப் பார்த்தேன். "மாமா, அன்னைக்கு உண்மையை எழுதினா உதவித்தொகையை நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன். அம்மா வேற பக்கத்துல இருந்துச்சு" என்றான். நாம் காசோலையைக் காட்டிக்கொண்டே அவன் மனதைக் கேட்டிருக்கிறோம். அவன் எழுதிய பூஜ்யத்தைப் பார்த்து நானும் அவன் நலம் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். படிவமே கொடுக்காமல் இருந்திருந்தால், ஒருவேளை அவனைப் போய் நேரில் விசாரித்திருப்பேன்.

அல்ஹம்துலில்லாஹ், அவன் இப்போது அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டு மீண்டும் கல்லூரிக்குப் போகிறான். 41 தாள்களையும் குழு முன்னிலையில் எரித்துவிட்டோம்.

என் மொழிபெயர்ப்பையும் பின்னர் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் எளிதில் திடுக்கிடுவதைப் பற்றிய கேள்வியை நான் "பயந்த சுபாவம் உண்டா" என்று எழுதியிருந்தேன். எந்த வாலிபன் ஆம் என்று எழுதுவான்? நடந்ததற்குத் தன்னையோ பிறரையோ குற்றம் சொல்வது பற்றிய கேள்வியில் "பாவம்" என்ற சொல்லைப் போட்டிருந்தேன். அது உளவியல் கேள்வியாக இல்லாமல் தவ்பா பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. சுற்றிலும் எச்சரிக்கையாக இருப்பது பற்றிய கேள்விக்கு ஒரு பெண் பிள்ளை 4 போட்டிருந்தாள். தினமும் கூட்டமான பேருந்தில் கல்லூரி போய்வரும் பெண் வேறு என்ன போடுவாள்? அவளுக்கு அது அறிகுறி அல்ல, அவசியம்.

இதைச் சரியாகச் செய்ய ஒரு வழி ஏற்கனவே இருக்கிறது. ரிச்சர்ட் பிரிஸ்லின் என்பவர் 1970-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவலான முறை அது. ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு, விலகிய இடங்களைத் திருத்த வேண்டும். அதற்குப் பிறகும், யாருக்காக எழுதினோமோ அவர்களில் சிலரை உட்காரவைத்து, "இந்த வரியைப் படித்ததும் உனக்கு என்ன புரிந்தது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் படிதான். அதைச் செய்திருந்தால் "பயந்த சுபாவம்" முதல் நாளே மாட்டியிருக்கும். இவ்வளவும் முடிந்த பிறகு, தமிழ்ப் படிவத்துக்கு நம்பகத்தன்மையைப் புதிதாகச் சோதிக்க வேண்டும். ஆபர்னில் வந்த 0.94 ஆங்கிலப் படிவத்தின் எண். அங்குள்ள மாணவர்களின் எண். மொழிபெயர்த்ததும் கூடவே வந்துவிடாது.

மதிப்பெண் கோடும் அப்படித்தான். அமெரிக்க தேசிய மையம், 31 முதல் 33 வரை வந்தால் நோய் இருக்கக்கூடும், மேற்கொண்டு பரிசோதிக்கலாம் என்கிறது. ஆனால் 2018-ல், ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் போரால் இடம்பெயர்ந்து வாழும் அரபு, குர்து மக்களிடம் இதே படிவத்தை அவர்கள் மொழியில் சோதித்தபோது, 23 என்ற கோடுதான் பொருந்தியது. 31 என்றே வைத்திருந்தால், 25-ம் 28-ம் வாங்கிய எத்தனையோ பேர் "பாதிப்பு இல்லை" என்ற பக்கத்தில் விழுந்திருப்பார்கள். ஒரு ஊரின் கோட்டை இன்னொரு ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனால் இதுதான் நடக்கும்.

இப்போது அந்தத் தாயின் 38-க்கு வருவோம். அவரிடம் ஒரு தாளில் கணக்குப் போட்டுத்தான் விளக்கினேன். இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், எந்த ஆய்விலும் கண்டவை அல்ல.

ஒரு கல்லூரியில் 1000 மாணவர்கள். அவர்களில் 50 பேருக்கு உண்மையாகவே இந்த நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிவம் நல்ல படிவம். நோயுள்ள பத்துப் பேரில் எட்டுப் பேரைப் பிடித்துவிடும். ஆகவே 40 பேரைப் பிடிக்கும். நோயில்லாத பத்துப் பேரில் ஒருவரை மட்டும் தவறாகப் பிடிக்கும். நோயில்லாதவர்கள் 950 பேர். ஆகவே 95 பேர் தவறாக மாட்டுவார்கள். கோட்டைத் தாண்டியவர்கள் மொத்தம் 135. அதில் உண்மையில் நோயுள்ளவர்கள் 40, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. படிவத்தில் கோளாறு ஒன்றுமில்லை. நோயில்லாதவர்கள் கூட்டத்தில் அதிகம் இருப்பதால் இப்படி வருகிறது. அதேபோல, நோயுள்ள 10 பேர் கோட்டுக்குக் கீழே நின்று தப்பிவிட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அதனால்தான் அந்தப் படிவம் "இருக்கலாம்" என்று எழுதியது. "இருக்கிறது" என்று எழுத அதற்கு அதிகாரம் இல்லை. நோயா இல்லையா என்று முடிவு செய்வது பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ நேரில் உட்கார்ந்து விசாரிக்கும்போதுதான். என்ன நடந்தது, அது உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான நிகழ்வா, தொல்லைகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றனவா, படிப்பையும் அன்றாட வேலையையும் கெடுக்கின்றனவா என்றெல்லாம் அவர் பார்ப்பார். தேர்வில் தோற்ற வருத்தத்தை நினைத்துக்கொண்டு ஒரு மாணவர் 40 வாங்கிவிட முடியும். அந்த வருத்தம் உண்மைதான், ஆனால் அது இந்த நோய் அல்ல. இந்த இடத்தில் மனிதர் தேவை.

பெற்றோர்களுக்கு நடைமுறையில் சில விஷயங்கள். பிள்ளை இப்படி ஒரு மதிப்பெண்ணோடு வந்தால், முதலில் "எதை நினைத்து எழுதினாய்?" என்று தனியாகக் கேளுங்கள். மற்றப் பிள்ளைகள் முன்னால் வேண்டாம், உறவுக்காரர்கள் முன்னால் வேண்டவே வேண்டாம். "இதெல்லாம் ஈமான் பலவீனம்" என்று யாராவது சொன்னால், கால் எலும்பு முறிந்தவனிடம் அப்படிச் சொல்வீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். துஆவும் செய்யுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். நிரப்பிய தாள் யாரிடம் இருக்கிறது, யார் யார் பார்ப்பார்கள் என்று கல்லூரியில் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மதிப்பெண் குறைவாக வந்தாலும், பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், அறைக்குள்ளேயே இருந்தால் மதிப்பெண்ணை நம்பாதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது போல ஏதாவது பேசினால், அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

டிரஸ்ட் பக்கத்திலிருந்தும் ஒரு தகவல். உதவித்தொகை விண்ணப்பத்தோடு மனநலக் கேள்வி எதையும் இனி இணைப்பதில்லை என்று குழு தீர்மானித்திருக்கிறது. உதவித்தொகைக்கும் மனநலத்துக்கும் சம்பந்தமில்லை என்பது விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிடப்படும். பேச விரும்பும் மாணவர்கள் என்னிடம் பேசலாம். மாணவிகள் மகளிர் குழுவில் உள்ள ஆலிமாவிடம் பேசலாம். நாங்கள் இருவரும் மருத்துவர் அல்லர். உடன் வந்து மருத்துவமனை வரிசையில் நிற்பதுவரைதான் எங்கள் வேலை.

அந்த மகள் ஆலோசகரைச் சந்தித்தாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி படிவம் கொடுத்தார்கள். இந்த முறை 31. தாய் மகிழ்ச்சியோடு தொலைபேசியில் அழைத்தார். "ஏழு கொறஞ்சிருக்கு பாய், சரியாயிடுச்சுல்ல?"

தயங்கித்தான் பதில் சொன்னேன். மறுசோதனைக் கெழு 0.82 உள்ள ஒரு படிவத்தில், மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக 15 அளவுக்குச் சிதறியிருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மதிப்பெண்ணே 6 முன்னே பின்னே ஆடும். 38 என்பது 32-ஆகவும் இருக்கலாம், 44-ஆகவும் இருக்கலாம். 31-ம் அப்படியே. ஏழு குறைந்தது அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். குணமாகத் தொடங்கியதாலும் இருக்கலாம், அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்ததாலும் இருக்கலாம். இதை எப்படிச் சொல்வது?

"எண்ணை வெச்சு இப்பவே சொல்ல முடியாதும்மா. புள்ள என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "போன வாரம் பஸ்ல வந்தா பாய். ஒன்றரை வருஷமா ட்ரெயின்லதான் வருவா. ஜன்னல் பக்கம் உக்காரலயாம், ஆனா பஸ்ல வந்தா."

ஆலோசகரிடம் அடுத்த முறை போகும்போது மதிப்பெண்ணோடு இதையும் சொல்லச் சொன்னேன். வியாழக்கிழமை தோறும் போய்க்கொண்டிருக்கிறாள்.